டார்ச் வெளிச்சம் எங்கே திரும்புகிறது? இருட்டுக் காட்சி எடுக்கப் பழகுவோருக்கு

மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று நம் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேருக்கு முதல் ஆசை ஒரு ராத்திரிக் காட்சி. லைட் வாடகைக்கு எடுக்கப் பணம் இருக்காது, கடற்கரையில் கரண்ட்டும் இருக்காது. ஆகவே ஒரு டார்ச்சோடு இறங்கிவிடுகிறார்கள். வேறு வழியில்லாமல் செய்வதாக அவர்களே நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நினைக்கவே வேண்டாம். லாரியில் லைட் கொண்டுவந்து இறக்க வசதியுள்ள படக்குழுவும் சில காட்சிகளில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நடிகர் கையில் டார்ச்சைக் கொடுக்கிறது. பதற்றத்தை இவ்வளவு மலிவாகவும் இவ்வளவு துல்லியமாகவும் கொண்டுவரும் கருவி சினிமாவில் அதிகம் இல்லை.

அது எப்படி வேலை செய்கிறது? டியூப்லைட் எரியும் அறையில் பார்ப்பவரின் கண் இஷ்டம்போல் மேயும். டார்ச் மட்டும் எரியும் அறையில் அந்த வட்டத்துக்குள் இருப்பது மட்டும்தான் தெரியும். எதைப் பார்க்கலாம், எப்போது பார்க்கலாம் என்று கதாபாத்திரத்தின் கை முடிவு செய்கிறது. அதாவது திரையில் நாம் பார்க்கும் ஒளிவட்டம் அந்த ஆளின் பார்வைதான். அவர் தயங்கினால் வட்டம் தயங்கும், அவர் பயந்தால் வட்டம் நடுங்கும். ஆகவே எத்தனை வாட், எந்தக் கம்பெனி என்று யோசிப்பதற்கு முன்னால் இந்தக் கை எதைத் தேடுகிறது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற வேலை.

இன்னொன்றும் இருக்கிறது. டார்ச் பிடித்திருப்பவருக்கு அந்த வட்டத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆனால் இருட்டில் இருக்கும் எல்லோருக்கும் அவர் எங்கே நிற்கிறார் என்று தெரியும். பார்க்க உதவும் அதே பொருள் அவரைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. கேமராவைத் தூரத்தில், இருட்டுக்குள் வைத்து, வெளிச்சம் நம்மை நோக்கி வருவதை எடுத்தால் பார்ப்பவர் ஒளிந்திருப்பவராக மாறிவிடுவார். 1982-ல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த ‘ஈ.டி.’ படத்தின் தொடக்கத்தில் இதைத்தான் செய்திருப்பார். காட்டுக்குள் டார்ச்சோடு ஆட்கள் தேடி வருவார்கள். முகம் எதுவும் தெரியாது. மூட்டத்தில் வெட்டிச் செல்லும் வெளிச்சமும், ஒருவர் இடுப்பில் ஆடும் சாவிக்கொத்தும்தான் தெரியும். அவர்கள் யார் என்று சொல்லாமலேயே அவர்களுக்கு நாம் பயப்படுகிறோம்.

சரி, ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். தேவிப்பட்டினம் பக்கம் கரையோரமாக ஒரு வலைக் கொட்டகை என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பி சாயங்காலத்திலிருந்து வீட்டுக்கு வரவில்லை. அண்ணன் டார்ச்சோடு தேடி வருகிறார். கொட்டகைக்குள் நைலான் வலைக் குவியல், ரப்பர் மிதவைகள், மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டிகள், காலி டீசல் கேன்.

புதிதாக எடுப்பவர்கள் இந்த இடத்தில் நடிகரிடம், “நாலா பக்கமும் டார்ச் அடிங்க” என்று சொல்லிவிடுவார்கள். வெளிச்சம் கண்டபடி ஓடும், ஒன்றும் பதியாது, பார்ப்பவருக்குக் களைப்புதான் மிஞ்சும். அதற்குப் பதிலாக வட்டத்தை மெதுவாக, இடமிருந்து வலமாக, ஒரே உயரத்தில் கொண்டுபோகச் சொல்லுங்கள். வலை. மிதவை. பெட்டி. தரையில் ஒரு செருப்பு. கேன். சுவர். அங்கே வட்டம் நிற்கட்டும். ஒரு மூச்சு விடும் நேரம். அப்புறம் அது திரும்பி வர வேண்டும். கேனைத் தாண்டி, செருப்பின் மேல் வந்து நிற்க வேண்டும்.

செருப்பைத் தாண்டிப் போனபோதே பார்ப்பவர் அதைக் கவனித்திருப்பார். “அடடா, பார்க்கலையே” என்று மனசுக்குள் ஒரு துடிப்பு எழுந்திருக்கும். வெளிச்சம் திரும்பி வரும்வரை அந்தத் துடிப்பு கூடிக்கொண்டே போகும். இருட்டிலிருந்து திடீரென்று ஒரு முகத்தைக் காட்டி அலற வைப்பதைவிட இந்த ஒரு தாண்டலும் திரும்பலும் பத்து மடங்கு மதிப்புள்ளது என்பது என் கருத்து. அலறல் ஒரு நொடியில் முடிந்துவிடும். இது காட்சி முழுக்கக் கூடவே வரும்.

இதிலேயே இன்னும் நுணுக்கமான ஒன்று. கைடார்ச்சில் கண்ணும் வெளிச்சமும் தனித்தனி. வெளிச்சம் செருப்பின் மேல் இருக்கும்போது இடப்பக்கம் வலை அசையும் சத்தம் கேட்கிறது. அண்ணனின் கண்கள் முதலில் திரும்புகின்றன, தலை திரும்புகிறது, டார்ச் இன்னும் செருப்பின் மேலேயே இருக்கிறது. கை திரும்பப் பயப்படுகிறது. அந்த அரை நொடி இடைவெளியில்தான் பதற்றம் முழுக்க இருக்கிறது. “யாரு அங்க?” என்கிறார். பதில் இல்லை. பிறகுதான் கை மெல்ல நகர்கிறது. நடிகருக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் வசனமே வேண்டியிருக்காது. ஆனால் நம் மீனவர்கள் ராத்திரித் தொழிலுக்குத் தலையில் கட்டிக்கொள்ளும் லைட்டில் இதைச் செய்ய முடியாது. அதில் தலை திரும்பினால் வெளிச்சமும் கூடவே திரும்பிவிடும். அதற்கென்று வேறொரு பயம் உண்டு: ஒன்றை ரகசியமாகப் பார்க்கவே முடியாது. எதைப் பார்த்தாலும் பார்த்தது ஊருக்குத் தெரிந்துவிடும். எந்தப் பயம் உங்கள் கதைக்கு வேண்டும் என்று பார்த்து லைட்டைத் தேர்ந்தெடுங்கள்.

பாம்பன் கலங்கரை விளக்கத்தின் ஒளியை நினைத்துப் பாருங்கள். அதுவும் இருட்டைக் கிழிக்கும் கற்றைதான். ஆனால் அது கணக்காகச் சுற்றி வரும், யாரையும் தேடாது. இப்போது வரும், இப்போது போகும் என்று நமக்குத் தெரிவதால் அது வேறு மாதிரியான பதற்றத்தைத் தருகிறது. வெளிச்சம் கடந்து போனதும் அடுத்த சுற்றுக்குள் ஓடிவிட வேண்டும் என்ற மாதிரிக் காட்சிகளுக்கு அது நல்லது. டார்ச்சுக்கு அந்த ஒழுங்கு வரவே கூடாது. ஒழுங்காக ஆடும் டார்ச் காவலுக்கு வந்த ஆளைத்தான் காட்டும், தேடுகிறவரைக் காட்டாது.

ஒளிக்கற்றை கண்ணுக்குத் தெரிய என்ன வேண்டும்

படங்களில் டார்ச்சிலிருந்து ஒரு வெள்ளைத் தூண் நீண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் டார்ச் அடித்தால் அது வராது, சுவரில் விழுந்த வட்டம் மட்டும்தான் தெரியும். காரணம் எளிது. ஒளி நேராகப் போய்விடுகிறது, வழியில் எதிலாவது பட்டுச் சிதறினால்தான் பக்கத்தில் நிற்கும் நம் கண்ணுக்கு வரும். ஓலைக்கூரை ஓட்டை வழியே விழும் வெயில் அடுப்புப் புகையில் தூணாக நிற்குமே, அதே கதைதான். காற்றில் புகை, தூசி, நீர்த்துளி ஏதாவது மிதக்க வேண்டும்.

கொட்டகைக்குள்ளே என்றால் சாம்பிராணி போதும். தூபக்காலில் போட்டு அறை முழுக்கக் காட்டிவிட்டு, புகை பரவி அடங்கும்வரை பொறுங்கள். சுருள் சுருளாகப் புகை தெரிந்தால் அது புகையாகத்தான் தெரியும். சீராகப் பரவியபின் காற்றே கொஞ்சம் கனத்துவிட்டது போல இருக்கும், அதுதான் வேண்டும். நைலான் வலையும் ஓலையும் இருக்கும் இடத்தில் கங்கு வைக்கிறோம் என்பதை மறக்காமல் ஒரு வாளித் தண்ணீரும் அதற்கென்றே ஒரு ஆளும் வையுங்கள்.

வெளியே வந்துவிட்டால் நம் கடற்கரையில் காற்றுதான் பெரிய பாடு. விட்ட புகை அடுத்த நிமிடம் அடுத்த ஊரில் இருக்கும். காற்று வரும் பக்கத்தில் புகையை வைத்துவிட்டு, அது ஃபிரேமைக் கடக்கும் நேரத்துக்குள் எடுத்து முடிக்கிற மாதிரி சின்னச் சின்ன ஷாட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கடலையே பயன்படுத்தலாம். இங்கே மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் சொல்வோம். தென்மேற்கிலிருந்து காற்று அடிக்கும் மாதங்களில் ஆண் கடல் பக்கம் அலை உடைந்து உப்புத் துளி தெறித்துக்கொண்டே இருக்கும். வாடை தொடங்கினால் பெண் கடல் குணம் மாறும். எந்த மாதம் எடுக்கிறீர்களோ அதற்கேற்ற கரையைத் தேர்ந்தெடுத்தால் செலவில்லாமல் மூட்டம் கிடைக்கும். லென்ஸை மட்டும் அடிக்கடி துடைக்க வேண்டும். உப்புப் படிந்த கண்ணாடியில் டார்ச் ஒளி பட்டால் படம் முழுக்கப் பால் ஊற்றினது போல வெளுத்துவிடும்.

இந்த விஷயத்தில் பலருக்குத் தெரியாதது கேமரா நிற்க வேண்டிய இடம். மிதக்கும் நுண்துளிகள் ஒளியைப் பெரும்பாலும் அது போய்க்கொண்டிருக்கும் திசையிலேயே முன்னோக்கிச் சிதறடிக்கும். ஆகவே டார்ச் பிடித்திருப்பவர் கேமராவை நோக்கி, ஆனால் லென்ஸுக்குச் சற்றுத் தள்ளி அடிக்கும்போதுதான் கற்றை பளிச்சென்று தெரியும். அவர் முதுகுக்குப் பின்னால் கேமரா வைத்தால் அதே புகையில் அதே டார்ச் பாதி கூடத் தெரியாது. “புகை போட்டும் வரலண்ணே” என்று சொல்பவர்களில் பெரும்பாலானோர் செய்ய வேண்டியது புகையைக் கூட்டுவது கிடையாது, கேமராவை எதிர்ப்பக்கம் தூக்கிக்கொண்டு போவது.

எந்த டார்ச்

செல்போன் டார்ச்சில் கற்றையே வராது. ஒளி அகலமாகப் பரவிவிடும். கறுப்பு சார்ட் பேப்பரைக் குழலாகச் சுருட்டி மாட்டினால் ஓரளவு ஒடுங்கும். குண்டு பல்பு போட்ட பழைய மூன்று கட்டை டார்ச் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் கேட்டு வாங்கி வையுங்கள். அதன் மஞ்சளும், நடுவில் ஒழுங்கில்லாமல் விழும் வளையங்களும் அத்தனை அழகு. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். அந்தப் பல்பின் நிறம் சுமார் 2,700, 2,800 கெல்வின். இப்போது கடைகளில் கிடைக்கும் வெள்ளை எல்இடி 6,000-க்கு மேல். கேமராவின் ஒயிட் பேலன்ஸை, அதாவது எந்த நிற ஒளியை அது வெள்ளையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற அமைப்பை, இரண்டுக்கும் நடுவில், 4,000 அளவில் வைத்துப் பூட்டிவிட்டால் பழைய டார்ச் ஆரஞ்சாகவும் எல்இடி நீலமாகவும் விழும். அண்ணனிடம் மஞ்சள், அவரைத் தேடி வருபவரிடம் நீலம் என்று கொடுத்துவிட்டால், ஆளே தெரியாத இருட்டிலும் யார் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பவர் சொல்லிவிடுவார்.

ஒரு எச்சரிக்கை: எல்இடி டார்ச்சில் ‘லோ’ மோடு பெரும்பாலும் வெளிச்சத்தை வேகமாக அணைத்து அணைத்துப் போட்டுத்தான் குறைக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவில் கறுப்புப் பட்டைகள் ஓடும். முழு வெளிச்சத்தில் வைத்து, மேலே பட்டர் பேப்பர் ஒட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

டார்ச் பிடித்திருப்பவரின் முகம் இருட்டில் போய்விடுவது எல்லோருக்கும் வரும் சிக்கல். இதற்கு நம் கரையிலேயே மருந்து இருக்கிறது. மீன்பெட்டியின் தெர்மாகோல் மூடியை ஃபிரேமுக்கு வெளியே, நடிகருக்கு எதிரே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி முகத்தில் மெலிதாக விழும். டார்ச் சுவரைத் தாண்டும்போது முகம் மங்கி, மூடியைத் தொடும்போது முகம் தெளியும். கதாபாத்திரம் எதையோ கண்டது போல அதுவே காட்டிவிடும். வெளியே என்றால் வெளுத்த மணலே போதும். காலடியில் அடித்தால் கீழிருந்து முகத்துக்கு ஒளி ஏறும். கீழிருந்து வரும் ஒளி கண்குழிகளை மாற்றிக் காட்டும் என்பதால் அதைக் கொஞ்சமாகப் பயன்படுத்துங்கள், அதிகமானால் பேய் வேஷம் போல ஆகிவிடும்.

வலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காயப்போட்ட வலைக்குப் பின்னால் போய் டார்ச் அடித்துப் பாருங்கள். எல்இடி மிகச் சிறிய ஒளிமூலம் என்பதால் நிழல் கூர்மையாக விழும். வலை டார்ச்சுக்கு அருகில் இருந்தால் அதன் கண்கள் எதிர்ச்சுவரில் ஆள் உயரத்துக்கு விரியும். டார்ச்சை வலப்பக்கம் நகர்த்தினால் நிழல் இடப்பக்கம் ஓடும். நடிகர் ஒரு எட்டு வைத்தாலே அறை முழுக்க ஏதோ அவரைச் சுற்றி நகர்வது போலிருக்கும். பனங்காட்டுக்குள்ளும் இதே விளையாட்டுதான். ஒரு மரத்தின் நிழல் அடுத்த மரத்தின் மேல் ஏறி ஓடும். ஆனால் பனங்காட்டில் தூரத்தை மனதில் வையுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும். பக்கத்து மரம் வெளுத்துப் போய், நாலாவது மரம் காணாமலே போகும். டார்ச் எட்டியும் எட்டாமலும் இருக்கும் அந்த எல்லையில் ஒரு ஆளை நிறுத்தினால் அது மனிதரா மரமா என்று பார்ப்பவர் திரையை நோக்கிக் குனிவார்.

கடலை நோக்கி டார்ச் அடித்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, அதுதான் அதன் பலம். அமைதியான நீரில் சாய்வாக விழும் ஒளி கண்ணாடியில் பட்டது போல அப்பால் தெறித்துவிடும், நம் பக்கம் எதுவும் திரும்பாது. எவ்வளவு பெரிய டார்ச்சாக இருந்தாலும் எதிரே கறுப்புதான். அதே டார்ச்சைக் காலடி நீரில் நேர்கீழாகப் பிடித்தால் ஒளி உள்ளே இறங்கி, மணலும் கடற்புல்லும் ஓடும் நண்டும் தெளிவாகத் தெரியும். வராத படகுக்காக ஒருவர் கரையில் காத்திருக்கும் காட்சியில் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். தேடும் இடத்தில் எதுவும் தெரியவில்லை, தேடாத இடத்தில் எல்லாம் தெரிகிறது.

ஆட்டுக் கிடையில் கண்கள் மின்னுவதை எடுக்க ஆசைப்படுவோருக்கு ஒரு குறிப்பு. ஆடு, நாய், பூனை ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது. டார்ச் பிடித்த நடிகருக்கு அது மின்னும், ஆனால் நாலடி தள்ளி இருக்கும் கேமராவுக்கு மின்னாது. லென்ஸை ஒட்டியே ஒரு டார்ச்சைப் பிடித்தால்தான் படத்தில் விழும்.

கேமராவில் செய்ய வேண்டியது அதிகமில்லை. செல்போன் என்றால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, பூட்டிவிடுங்கள், இதுதான் உயிர்நாடி. பூட்டாவிட்டால் டார்ச் திரும்பும் போதெல்லாம் படம் தானாக வெளுத்துக் கறுக்கும். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று வையுங்கள். நைட் மோடு வேண்டாம். வட்டத்தின் நடுப்பகுதி கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை, ஓரத்தில் விவரம் தெரிந்தால் போதும். முழு இருட்டில்தான் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. நம் ஊரில் சூரியன் விழுந்தபின் சுமார் 20 நிமிடம் வானத்தில் நீலம் மிச்சமிருக்கும். பனை, படகு, ஆள் எல்லாம் கறுப்பு உருவமாகத் தெரிய, டார்ச்சும் எடுபடும். அகலமான ஷாட்டை அந்த நேரத்தில் முடித்துவிட்டு, கிட்டத்து ஷாட்டுகளைப் பிறகு நிதானமாக எடுங்கள்.

பேட்டரி தீர்ந்து டார்ச் மினுக்குவதும், அதை உள்ளங்கையில் தட்டுவதும் எல்லோரும் செய்து தேய்ந்துபோன உத்தி. கதைக்கு அவசியமென்றால் ஒழிய விட்டுவிடலாம்.

இடம் பற்றி மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். திகில் படம் என்றாலே தனுஷ்கோடி இடிபாடுகள்தான் எல்லோர் நினைவுக்கும் வருகின்றன. பவளப்பாறைக் கற்களால் கட்டிய அந்தத் தேவாலயச் சுவரில் சாய்வாக ஒளி விழுந்தால் ஒவ்வொரு குழியும் தெரியும், உண்மைதான். ஆனால் இருட்டிய பிறகு அங்கே பொதுமக்களை விடுவதில்லை. அதைவிட முக்கியம், 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் உறவுகளை இழந்த குடும்பங்கள் இன்னும் இந்தக் கரையில் இருக்கின்றன. அவர்கள் வீட்டுச் சாவைப் பேய்க் கதையாக்கிப் படமெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. திகில் வேண்டுமென்றால் ஒரு வலைக் கொட்டகையும் நாலு பனைமரமும் தாராளமாகத் தரும்.

எங்கே எடுத்தாலும் ஊர்ப் பெரியவர்களிடமும் கடலோரக் காவல் போலீஸிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இது எல்லைக் கடல். ராத்திரியில் கரையிலிருந்து டார்ச் அசைந்தால் யாருக்கோ சைகை காட்டுவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், படகில் வருபவர்களும் குழம்பலாம். தை, மாசி, பங்குனியில் ஆமைகள் முட்டையிடக் கரையேறும். பொரித்த குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துக் கடலை விட்டு எதிர்த்திசையில் ஊர்ந்து போய்விடும். அந்த மாதங்களில் ஆமை ஏறும் மணலில் டார்ச்சே வேண்டாம், கொட்டகைக் காட்சிகளை அப்போது எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக எடிட்டிங். வட்டம் நின்ற இடத்தில் ஷாட்டை உடனே வெட்டாதீர்கள், பார்ப்பவர் ஓரத்து இருட்டைத் துழாவி முடிக்கட்டும். இணையத்தில் ஏற்றும்போது இருட்டுப் பகுதிகள் படிப்படியான பட்டைகளாக உடைந்து தெரியும். லேசாக கிரெயின், அதாவது பொடிப் புள்ளிகள், சேர்த்துவிட்டு ஏற்றினால் அது குறையும். முடித்ததும் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்த ஒரு சாதாரண செல்போனில், பகலில் போட்டுப் பாருங்கள். அந்தச் செருப்பு அதில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த ஷாட்டை மட்டும் ஒரு படி வெளிச்சமாக்கிக்கொள்ளுங்கள்.